நல்ல ஸ்பீக்கரில் சில பாட்டு மட்டும் ஏன் காதைக் குத்துகிறது?

ஆசைப்பட்டு, காசு சேர்த்து, ஒரு நல்ல ஸ்பீக்கர் ஜோடியும் ஆம்பும் வாங்குகிறார்கள். முதல் நாள் பிடித்த பாட்டையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்கிறார்கள். சில பாட்டில் பாடகர் எதிரில் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது. வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவது கூடக் கேட்கிறது. வேறு சில பாட்டு, அதுவும் காரிலும் போனிலும் வருஷக்கணக்காக ரசித்த பாட்டு, இரைச்சலாக இருக்கிறது. நாலு பாட்டு கேட்பதற்குள் சத்தத்தைக் குறைத்துவிடலாமா என்று தோன்றுகிறது. உடனே வருகிற சந்தேகம்: ஸ்பீக்கரில் கோளாறா? கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இரண்டும் இருக்காது. அந்த இரைச்சல் பாட்டின் பதிவிலேயே முதலிலிருந்து இருந்திருக்கும். முன்பு கேட்ட கருவிகளால் அதை எடுத்துக் காட்ட முடியவில்லை, இப்போது முடிகிறது. இசை கேட்பதில் ஆர்வம் வந்து, கருவிகளுக்குச் செலவு செய்யத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன். பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

துல்லியம் என்றால்

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். பதிவில் இருக்கிற ஒலியில் எந்தப் பகுதியையும் தூக்காமல், எதையும் அமுக்காமல், தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் வெளியே விடுகிற சிஸ்டத்தைத்தான் துல்லியமானது என்கிறோம். முழுத் துல்லியம் எந்தக் கருவியிலும் கிடையாது. ஆனால் ஸ்டுடியோ மானிட்டர்களும் (ஸ்டுடியோவில் வேலைக்கு வைத்திருக்கிற ஸ்பீக்கர்கள்), அளவெடுத்து வடிவமைத்த வீட்டு ஸ்பீக்கர்களும், நல்ல ஹெட்ஃபோன்களும் அதற்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடுகின்றன.

நாம் அன்றாடம் கேட்கிற கருவிகள் அப்படி இல்லை. போன் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. பேஸ் கிடாரின் தடித்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலி போனிலிருந்து வரவே வராது. அதன் மேல்சுரங்கள் மட்டும் வரும், மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மலிவு விலை மினி சிஸ்டங்களில் இதற்கு நேர்மாறு: பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி வைத்து, எதைப் போட்டாலும் ஒரே மாதிரி ‘டிம் டிம்’ என்று கேட்க வைத்திருப்பார்கள். எல்லாப் பாட்டுக்கும் ஒரே பூச்சு. அதனால் பாட்டுக்குப் பாட்டு பதிவில் இருக்கிற வித்தியாசம் அங்கே தெரியாது.

பவர் சரியாகப் பார்த்துப் புதுக் கண்ணாடி போட்டவருக்கு வாசல் கோலமும் தெளிவாகத் தெரியும், பக்கத்துச் சுவரின் விரிசலும் தெளிவாகத் தெரியும். துல்லியமான சிஸ்டம் செய்வதும் அதையேதான். நல்ல பதிவு முன்பைவிட நன்றாகக் கேட்கும், மோசமான பதிவு முன்பைவிட மோசமாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அதிகமாகிவிடும்.

சரி, அந்தப் பதிவு கெட்டுப்போவது எங்கே?

ஒரு பாட்டு நம் கைக்கு வருவதற்குள் மூன்று இடங்களைத் தாண்டி வருகிறது. முதலில் மைக் வைத்துப் பதிவு செய்வது. அப்புறம் பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலப்பது, அதாவது மிக்ஸிங். கடைசியாக மாஸ்டரிங்: கலந்து முடித்த பாட்டை வெளியீட்டுக்குத் தயார் செய்வது. மொத்த சத்தம் எவ்வளவு, பேஸ் ட்ரெபிள் எவ்வளவு என்ற கடைசி முடிவுகள் இங்கேதான். இந்த மூன்றில் எங்கே தவறினாலும், அதற்குப் பிறகு உலகத்தின் எந்த ஸ்பீக்கராலும் அதைச் சரி செய்ய முடியாது.

ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தமிழில் பாடும்போது ‘ச’, ‘ஸ’ ஒலிகள் நிறைய வரும். அந்த ‘ஸ்ஸ்’ ஒலியின் பலம் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. பாடகர் மைக்குக்கு மிகக் கிட்ட நின்று பாடுகிறார், மைக்கும் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிற ரகம் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸிங்கில் குரல் ‘பளிச்’சென்று தெரிய வேண்டும் என்று அதே பகுதியை இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். மாஸ்டரிங்கில் மொத்தப் பாட்டும் பிரகாசமாக இருக்கட்டும் என்று மறுபடி ஏற்றுகிறார்கள். மந்தமான கார் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த ஏற்றம் நல்லதாகவே தெரியும், பாட்டு வரிகள் புரியும். அதையே துல்லியமான ட்வீட்டர், அதாவது ட்ரெபிளைத் தருகிற சின்ன ஸ்பீக்கர், வழியாகக் கேட்டால் ஒவ்வொரு ‘ச’வும் ஊசியாக வந்து இறங்கும். இதைக் கட்டுப்படுத்த ஸ்டுடியோவில் டீ-எஸ்ஸர் என்ற கருவி உண்டு. அளவாகப் போட்டால் யாருக்கும் தெரியாது. அதிகமாகப் போட்டால் பாடகருக்கு நாக்குத் தடித்துவிட்ட மாதிரி ‘ச’வெல்லாம் மழுங்கிப்போகும். அதையும் நல்ல சிஸ்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

1959இல் பதிவானது, 2008இல் பதிவானது

புதியவர்களிடம் இருக்கிற ஒரு பொதுவான நம்பிக்கை, பழைய பதிவு என்றால் மட்டம், புதிய பதிவு என்றால் உசத்தி என்பது. இரண்டு ஆல்பங்களை எடுத்துப் பார்த்தால் அது கலைந்துவிடும்.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஜாஸ் ஆல்பம் 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. அது முன்பு ஒரு தேவாலயமாக இருந்த கட்டடம்; மிக உயரமான கூரை. டேப்பில் மொத்தம் மூன்றே ட்ராக். இசைக்கலைஞர்கள் ஒரே இடத்தில் இருந்து ஒன்றாக வாசித்தார்கள், ஃப்ரெட் ப்ளாட் என்ற இன்ஜினியர் பதிவு செய்தார். பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியமாகத் திருத்துவதற்கெல்லாம் அங்கே வழியே கிடையாது.

அதன் முதல் உருப்படியில் ஓர் இடம் உண்டு. டபுள் பேஸும் பியானோவும் மெதுவாகத் தொடங்கி, மெயின் மெட்டு வந்து போய், மைல்ஸின் ட்ரம்பெட் தனியாக எடுக்கிற அந்த நொடியில் ட்ரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் தன் சிம்பலில் ஓர் அடி கொடுக்கிறார். சாதாரண ஸ்பீக்கரில் அது ‘சிஷ்’ என்று வந்து போய்விடும். நல்ல சிஸ்டத்தில் குச்சி உலோகத்தில் பட்ட அடி தனியாகவும், தகடு அதிர்ந்து விரிவது தனியாகவும், அந்த அதிர்வு ட்ரம்பெட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது தனியாகவும் கேட்கும். டேப்பின் மெல்லிய ‘ஹிஸ்’ஸும் கூடவே கேட்கும். அதை மறைக்க யாரும் முயலவில்லை என்பதால்தான் சிம்பலின் கடைசி இழையும் பிழைத்திருக்கிறது. ஹிஸ்ஸை அடியோடு துடைத்தெடுத்த மறுவெளியீடுகள் பலவற்றில் இந்த மாதிரி நுணுக்கங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஹிஸ் இருக்கிற பதிவையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

இதே ஆல்பத்தில் ஒரு பெரிய தவறும் இருந்தது. முதல் நாள் பதிவில் ஒரு டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது, ரெக்கார்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று உருப்படிகளும் சுருதி கொஞ்சம் ஏறி ஒலித்தன. அன்று பாதுகாப்புக்காகக் கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்து 1990களில்தான் இதைத் திருத்தி வெளியிட்டார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக உலகமே சுருதி ஏறிய பதிவைக் கேட்டுக் கொண்டாடியிருக்கிறது! ஒரே ஆல்பம், ஒரே வாசிப்பு. ஆனால் எந்த வெளியீடு கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து கேட்பது மாறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி 2008. மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’. பணத்துக்கும் கருவிகளுக்கும் குறைவில்லாத ஒரு இசைக்குழு, நவீன ஸ்டுடியோ. ஆல்பம் வெளிவந்ததும் ரசிகர்களிடமிருந்தே புகார் கிளம்பியது: சத்தம் தாங்கவில்லை, ட்ரம்ஸ் உடைந்து கேட்கிறது. அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ என்ற வீடியோ கேமிலும் வெளிவந்தன. கேமுக்குப் போன வடிவம் சிடி அளவுக்குச் சத்தம் ஏற்றி நசுக்கப்படாததால், அது சிடியைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்தவரோ, தன் கைக்கு வரும்போதே பாட்டுகள் அப்படித்தான் இருந்தன என்று சொன்னார்.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள டிஜிட்டல் பதிவின் ஓர் அடிப்படை தெரிய வேண்டும். சிடியில் ஒலியின் அளவு 16 பிட் எண்ணாக, அதாவது 65,536 படிகளில் எழுதப்படுகிறது. மேலே ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டி எழுத இடமே கிடையாது. ஒரு பாட்டில் மிருதுவான இடமும் இருக்கும், ட்ரம் அடிபடுகிற உச்சமும் இருக்கும். உச்சம் ஏற்கெனவே வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், மொத்தப் பாட்டையும் இன்னும் சத்தமாக்க ஒரே வழி அந்த உச்சங்களை லிமிட்டர் வைத்துச் சீவிவிட்டு, மீதியை மேலே தூக்குவது. ஏன் செய்கிறார்கள்? இரண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாக நம் காதுக்குத் தோன்றும். ரேடியோவிலும் சிடி சேஞ்சரிலும் பக்கத்துப் பாட்டைவிடத் தன் பாட்டு எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஏற்ற, 1990களிலிருந்து இது ஒரு போட்டியாகவே நடந்தது. ஆடியோ உலகில் இதைச் சத்தப் போர் என்பார்கள்.

சின்ன ஸ்பீக்கரில் இதன் கேடு முழுசாகத் தெரியாது, ஏனென்றால் அந்த ஸ்பீக்கராலேயே பெரிய உச்சங்களைத் தர முடியாது; அது தானாகவே அமுக்கிவிடும். நல்ல சிஸ்டத்தால் ட்ரம்மின் அடியை அடியாகவே தர முடியும். ஆனால் தருவதற்குப் பதிவில் அடி இருக்க வேண்டுமே. சீவப்பட்ட இடங்களில் ‘கரகர’ என்ற சிதைவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். மிருதுவான இடம், உச்சம் என்ற ஏற்ற இறக்கமே இல்லாமல் பாட்டு ஒரே மட்டத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். காது சீக்கிரம் களைத்துப்போவது அதனால்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒலியின் சராசரிச் சத்தத்தை அளப்பதற்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் ஒரு முறையை வகுத்தது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் போன்றவை அந்த மாதிரி அளவீட்டைக் கொண்டு, மிகச் சத்தமான பாட்டைத் தாங்களாகவே குறைத்து ஒலிக்கின்றன. அங்கே நசுக்கிய பாட்டுக்குச் சத்தத்தில் எந்த லாபமும் கிடையாது. குறைத்த பிறகும் நசுங்கியது நசுங்கியதாகவே இருக்கும் என்பதுதான் வருத்தம்.

ஸ்டுடியோவில் எதில் கேட்டார்கள்?

இன்ஜினியர் எல்லாவற்றையும் காதால் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். அப்படியென்றால் அவர் எந்த ஸ்பீக்கரில், எந்த அறையில் கேட்டார் என்பது பாட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவருடைய ஸ்பீக்கரில் பேஸ் குறைவாகக் கேட்டால், அவர் பேஸை ஏற்றி வைத்துவிடுவார். நம் வீட்டில் அது ‘கும்’மென்று குமுறும். அவருடைய அறையில் ட்ரெபிள் தூக்கலாகக் கேட்டால், குறைத்துவிடுவார். நமக்குப் பாட்டு மந்தமாக வரும்.

இதைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர் ஃப்ளாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும், பின்னர் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்திலும் ஸ்பீக்கர்கள் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். இந்தச் சிக்கலுக்கு அவர் ‘குழப்ப வட்டம்’ என்று பெயர் வைத்தார். ஸ்பீக்கர் நல்லதா என்று பாட்டைப் போட்டுத் தீர்மானிக்கிறோம். அந்தப் பாட்டு நன்றாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை இன்னொரு ஸ்பீக்கரில் கேட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள். அந்த ஸ்பீக்கர் நல்லதா என்று பார்க்க வேறு ஒரு பாட்டு. எங்கே பிடிப்பது? சினிமாத் தியேட்டருக்காவது, படத்தின் ஒலியைக் கலக்கிற தியேட்டரும் ரசிகர்கள் உட்காரும் அரங்கும் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று பொதுவான அளவுகோல் இருக்கிறது. வீட்டில் கேட்கும் இசைக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது.

யமஹா என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரின் கதை இதற்கு நல்ல உதாரணம். வெள்ளை வூஃபர் வைத்த சின்னப் பெட்டி, ஸ்டுடியோப் படங்களில் மிக்ஸருக்கு மேலே நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது. வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் 1980களில் உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதில் பேஸ் குறைவு. நடுப்பகுதி, அதாவது மனிதக் குரல் இருக்கிற பகுதி, துருத்திக்கொண்டு கேட்கும். ‘இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும்’ என்பது இன்ஜினியர்களின் நம்பிக்கை. ட்ரெபிள் காதைக் குத்துகிறது என்று ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. அனுபவசாலிகள் இதையும் பெரிய மானிட்டரையும் மாற்றி மாற்றிக் கேட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். இது ஒன்றை மட்டும் நம்பியவர்களுக்குப் பேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதே சரியாகத் தெரிந்திருக்காது.

நம்முடைய பழைய பாட்டுகள்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த தமிழ்ச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒரே தடத்தில். ஸ்டூடியோக் கூடத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து, ஒரே ஓட்டத்தில் பதிவு செய்வது அன்றைய வழக்கம். யாராவது ஓரிடத்தில் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. குரல் மைக்குக்கு நேர் எதிரில், வாத்தியங்கள் தள்ளித் தள்ளி. எது முன்னால் கேட்க வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்பதைத் தூரத்தை வைத்தே பெரும்பாலும் தீர்மானித்தார்கள்.

இந்தப் பதிவுகளில் உச்சக்கட்ட ட்ரெபிளும் கிடையாது, அடியாழத்துப் பேஸும் கிடையாது. ஆனால் குரல் இருக்கிற நடுப்பகுதி அவ்வளவு உயிரோட்டமாக இருக்கும். நல்ல மூலத்திலிருந்து எடுத்த பிரதி கிடைத்தால், கமகம் திரும்புகிற இடத்தில் குரல் எப்படி இறுகி இளகுகிறது என்பது வரை கேட்கலாம். மோனோ என்பதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. 1951இல் சிகாகோ சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் நடத்துநரின் தலைக்கு மேலே தொங்கவிட்ட ஒரே ஒரு மைக்கில் மெர்க்குரி நிறுவனம் பதிவு செய்தது; ஒலிப்பதிவில் அக்கறை உள்ளவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள்.

மோனோப் பாட்டால் இன்னொரு பயனும் உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். குரல் இரண்டுக்கும் சரிநடுவில், ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அகலமாகப் பரவிக் கிடந்தாலோ, ஸ்பீக்கர் வைத்த இடமோ, ஒயர் மாற்றிச் செருகியதோ, அறையோ காரணமாக இருக்கும். காசு செலவில்லாத சோதனை.

நமக்குள்ள பெரிய தொல்லை வேறு. அன்றைய மூல டேப்பிலிருந்து நேராக எடுத்த பிரதி எளிதில் கையில் கிடைப்பதில்லை. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிஷக் கேசட்டிலோ பதிந்து வாங்குவோம். எல்பி ரெக்கார்டிலிருந்து கேசட்டுக்குப் போகும்போது வழியில் ஈக்வலைசரில் பேஸும் ட்ரெபிளும் ஏறும். ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு ருசி. அப்படி ஏறிய பிரதிகளில் சிலதான் பின்னால் எம்பி3 ஆகி, அதன் மேல் இன்னொரு கை எக்கோவும் பேஸும் சேர்த்து, ‘ஹெச்டி’, ‘5.1’ என்ற பட்டத்தோடு இணையத்தில் சுற்றுகின்றன. மோனோவாகப் பதிவான பாட்டு, ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனி ஒலி தருகிற 5.1 ஆக வழியில்லை. கணினி வைத்துப் பிரித்துப் பரப்பியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நல்ல சிஸ்டத்தில் அந்தச் செயற்கைப் பரப்பல் உடனே தெரிந்துவிடும்: குரல் கிணற்றுக்குள் இருந்து வரும், தபலா சம்பந்தமில்லாத இடத்தில் இடிக்கும். இதைக் கேட்டுவிட்டு ‘பழைய பாட்டு இதில் நன்றாக இல்லை’ என்று ஸ்பீக்கரையோ, அந்தக் கால இன்ஜினியரையோ குறை சொல்வது அநியாயம்.

கச்சேரிப் பதிவுகளையும் சொல்ல வேண்டும். சபாவில் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற ஒலியை மிக்ஸரிலிருந்து நேராக எடுத்துப் பதிந்த கச்சேரிகள் ஏராளம். அந்தக் கலவை அரங்கத்துக்காகப் போட்டது. மிருதங்கம் தானாகவே அரங்கில் கேட்கும் என்பதால் மிக்ஸரில் அதைக் குறைவாக வைத்திருப்பார்கள். பதிவில் அது பரிதாபமாகப் பின்னால் கிடக்கும். வீணையிலும் வயலினிலும் ஒட்டிவைக்கிற கான்டாக்ட் மைக் அதிர்வை மட்டும் பிடிக்கும், வீணையின் பலா மரக் குடத்தின் நாதம் காற்றில் விரிவதைப் பிடிக்காது. அதனால்தான் பெரிய வித்வானின் வீணை கூடச் சில பதிவுகளில் எலெக்ட்ரிக் கிடார் மாதிரி கேட்கிறது. அதே அரங்கில், மேடைக்கு முன்னால் இரண்டே மைக்கை உயரமாக நிறுத்திப் பதிந்தது கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். இருமல் சத்தமும் கேட்கும்தான். ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் ‘தொம்’ அதற்குரிய இடத்தில் இருக்கும்.

ஃபார்மட் எண்களைப் பற்றி

192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளந்து எழுதுவது), 24 பிட் என்று எண்கள் மிரட்டும். 1982இல் வந்த சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டே காது கேட்கும் எல்லையையும் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தையும் தாங்கும். நல்ல டேப்பும், ரெக்கார்டும் கூட பொதுவாக அந்த 96 டெசிபலைத் தொடுவதில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3யில் சிம்பல் ஒலி சலசலவென்று கலங்கிப்போவது நல்ல ஹெட்ஃபோனில் தெரியும். 320க்குப் போய்விட்டால் பெரும்பாலானவர்களால் பெயர் மறைத்துக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. நசுக்கிய மாஸ்டரை 192 கிலோஹெர்ட்ஸில் வாங்கினால் நசுங்கலே இன்னும் பெரிய ஃபைலில் வரும். எம்பி3யை ஃப்ளாக்காக (ஒலியில் எதையும் இழக்காமல் சேமிக்கிற ஃபார்மட்) மாற்றினாலும் போனது திரும்பாது. எனவே எண்ணைத் தேடுவதற்கு முன்னால் எந்த வெளியீடு, எந்த மாஸ்டர் என்று தேடுங்கள். அந்த 1959 ஆல்பத்தில் சுருதியே மாறியதைப் போல, ஒரே பாட்டின் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம், எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் நடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம்.

அப்படியானால் பிடித்த பாட்டு மோசமாகப் பதிவாகியிருந்தால் கேட்காமல் விட்டுவிடுவதா? கூடவே கூடாது. ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்குங்கள், பேஸ் குமுறினால் அதையும் இறக்குங்கள். ஆம்பில் டோன் கன்ட்ரோலைத் தொடுவதே பாவம் என்று நினைக்கிற ஒரு கூட்டம் ஆடியோ ஆர்வலர்களிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதிவுகள் ஒரே மாதிரி இல்லாத உலகத்தில் டோன் கன்ட்ரோல் அவசியம் என்பதை டூலே வலியுறுத்துகிறார். துல்லியமான ஸ்பீக்கரில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது: நாம் திருகுவது பதிவின் குறையை மட்டும் ஈடுகட்டும், அடுத்த பாட்டுக்கு முள்ளைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம். ஸ்பீக்கரே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு திருகுவது என்று பிடிபடாது.

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். டெமோ அறையில் அவர்கள் போடுவது பெரும்பாலும் ஒரு பெண் குரல், ஒரு கிடார், சுத்தமான பதிவு. அந்த மாதிரிப் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மூன்று பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்: வருஷக்கணக்காகப் பழகிய, நன்றாகப் பதிவான ஒன்று, ஒரு பழைய மோனோ, நீங்கள் தினமும் கேட்கிற, சத்தமாக மாஸ்டர் செய்த புதுப் பாட்டு ஒன்று. முதல் இரண்டிலும் குரல் இயல்பாக, நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது பாட்டு முதல் பாட்டைப் போலவே மினுமினுவென்று கேட்டால் அந்த ஸ்பீக்கர் எதையோ பூசுகிறது. மூன்றாவதைத் தாங்கவே முடியவில்லை என்றால், முதல் பாட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். அதிலும் ‘ச’ குத்தினால் குறை ஸ்பீக்கரில் அல்லது அந்த அறையில். அது குத்தவில்லை என்றால் விலை பேசலாம்.